இன்னொரு ஊரில் பார்த்ததை நம் ஊரில் தொடங்குவது எப்படி? கண்டுணர் பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் குழு முதல்முறை கண்டுணர் பயணம் போனபோது, அதாவது இன்னொரு ஊரில் நடப்பதை நேரில் பார்த்துக் கற்கப் போனபோது, 32 பேர் இருந்தோம். ஒரு பேருந்து, ஒரே ஒரு பகல், ஏராளமான படங்கள். பார்க்கப் போனது ஒரு பொதுக் கருவி அறை. துளைபோடும் இயந்திரம், ஏணி, ரம்பம் என்று எல்லாமே அங்கே இருக்கும். அக்கம்பக்கத்தார் இரவல் வாங்கிப் போய், வேலை முடிந்ததும் திருப்பித் தருவார்கள். வீட்டுக்கு வீடு வாங்கி வைத்து வருடத்தில் இரண்டு நாள் மட்டும் எடுக்கிற பொருள்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது என்று எல்லோருக்கும் தோன்றியது. திரும்பி வந்த வேகத்தில் அலமாரி அடித்தோம், பெயர்ப்பலகை மாட்டினோம், திறப்பு விழாவும் நடத்தினோம்.

ஐந்தாவது மாதம் அறையைப் பூட்டிவிட்டோம். துளைபோடும் இயந்திரம் யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஏணி உடைந்ததற்கு யார் பணம் கட்டுவது என்று இரண்டு குடும்பங்களுக்குள் பேச்சே நின்றுபோனது. இருந்த ஒரே சாவியை வைத்திருந்தவர் வெளியூர் போய்விட்டார்.

ஒன்றரை வருடம் கழித்து, அதே இடத்துக்கு 6 பேர் மட்டும் போய் இரண்டு இரவு தங்கினோம். அந்த அறையைத் தாங்கி நிற்பது எது என்பது அப்போதுதான் தெரிந்தது: ஒரு பதிவு நோட்டு, இரண்டு பேரிடம் இரண்டு சாவி, பொருள் உடைந்தால் என்ன செய்வது என்று சுவரில் எழுதி ஒட்டிய நான்கு வரி. முதல்முறை நாங்கள் போனபோதும் அந்தத் தாள் அதே சுவரில்தான் இருந்திருக்கிறது. எங்களில் ஒருவரும் படிக்கவில்லை.

அந்த ஒன்றரை வருடம் உங்களுக்கு வீணாகக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். நீங்கள் தொடங்க நினைப்பது தோட்டமோ, நூலகமோ, குளம் தூர்வாருவதோ, எதுவாக இருந்தாலும் வழி ஏறக்குறைய இதுதான்.

1. பிரச்சினையை ஒரே வரியில் எழுதுங்கள்

"நமக்கும் ஒரு கருவி அறை வேண்டும்" என்று தொடங்கியதுதான் எங்கள் முதல் தவறு. அது பிரச்சினை இல்லை, யாரோ கண்டுபிடித்த தீர்வு. "சின்னப் பழுதுக்குக்கூட ஆள் கூப்பிட வேண்டியிருக்கிறது, கருவி வாங்கக் கையில் பணம் இல்லை" என்பதுதான் எங்கள் பிரச்சினை. பத்துப் பதினைந்து வீடுகளுக்குப் போய்க் கேளுங்கள். அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். இதற்கு ஒரு வாரம் போதும், செலவு இல்லை.

வெளியூர் கிளம்பும் முன்பு, அதே பிரச்சினையை உங்கள் தெருவிலேயே யாராவது சமாளித்திருக்கிறார்களா என்று ஒருமுறை தேடுங்கள். 1990-களின் தொடக்கத்தில், சேவ் த சில்ட்ரன் என்ற குழந்தைகள் நல அமைப்புக்காக வியட்நாம் கிராமங்களுக்குப் போன ஜெர்ரி ஸ்டெர்னினும் அவர் மனைவி மோனிக்கும் இதைத்தான் செய்தார்கள். ஊட்டக்குறைவு பரவலாக இருந்த கிராமங்களில், அதே ஏழ்மையிலும் தேறிய குழந்தைகள் இருந்த வீடுகளைத் தேடினார்கள். அந்த வீடுகளில் வயலில் கிடைத்த சின்ன இறால், நண்டு, சர்க்கரைவள்ளிக் கீரை ஆகியவற்றைக் குழந்தையின் உணவில் சேர்த்திருந்தார்கள்; ஒரு நாளில் கூடுதல் தடவை ஊட்டினார்கள். மற்ற தாய்மார்கள் கற்றது பக்கத்து வீட்டிலிருந்துதான். உங்களுக்கும் அப்படி ஒரு வீடு கிடைத்தால் பாதிப் பயணச் செலவு மிச்சம்.

2. யாரிடம் கற்பது என்று தேர்ந்தெடுங்கள்

பெயர் பெற்ற ஊர்தான் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும். அங்கே வாரத்துக்கு நான்கு குழு வந்து போகும். உங்களுக்குக் கிடைப்பது தயாராக வைத்திருக்கும் ஒரு உரையும் சுற்றிக் காட்டலும்தான். உங்களைப் போன்ற ஒரு ஊர், உங்களைவிட இரண்டு மூன்று வருடம் மட்டும் முன்னால் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். அவர்களுக்குப் பட்ட அடி இன்னும் நினைவில் இருக்கும்.

மகாராஷ்டிரத்தில் மழைநீரைச் சேமித்து வறட்சியிலிருந்து மீண்ட கிராமம் ஹிவரே பஜார். அதற்கு முன்மாதிரி, முன்பே அப்படி மீண்டிருந்த, அதே மாவட்டத்து ராலேகண் சித்தி. ஒரே வறட்சி, ஒரே மாதிரி நிலம். 1990-வாக்கில் ஹிவரே பஜாரின் ஊராட்சித் தலைவரான போபட்ராவ் பவார், அங்கிருந்து எடுத்ததைத் தன் ஊருக்கு ஏற்ப வளர்த்தார். இன்று ஹிவரே பஜாருக்குப் போகிறவர்கள் தடுப்பணையையும் மண்வரப்பையும் படமெடுக்கிறார்கள். ஆனால் அந்த ஊரைக் காப்பாற்றுவது கிராமசபை போட்ட விதிகள்: பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது, கரும்பு போன்ற தண்ணீர் குடிக்கும் பயிர் கூடாது, பெய்த மழையைக் கணக்குப் பார்த்துத்தான் அந்த வருடப் பயிரை முடிவு செய்ய வேண்டும். படத்தில் இதெல்லாம் விழாது.

மூன்று இடங்களைப் பட்டியல் போட்டு, மூன்றுக்கும் தொலைபேசியில் பேசுங்கள். ஒவ்வொரு இடத்திலும் இதைக் கேளுங்கள்: யாருக்காவது சம்பளம் உண்டா? இடம் யாருடையது? தொடங்கியவர் விலகிய பிறகும் நடந்ததா? முதல் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் பெர்க்லி நகரின் கருவி இரவல் நூலகம் 1979-லிருந்து நடக்கிறது. கேட்கும்போதே ஆசையாக இருக்கும். ஆனால் அது நகரப் பொது நூலகத்தின் ஒரு பிரிவு. சம்பளம் வாங்கும் ஊழியர்கள் நடத்துவது. தன்னார்வலர்களை மட்டும் நம்பும் குழு அதை அப்படியே எடுத்தால் தாங்காது.

முடிந்தால் மூடிப்போன ஒரு திட்டத்தையும் பட்டியலில் சேருங்கள். அங்கே அரை நாள் உட்கார்ந்து பேசினால், வெற்றிபெற்ற இடத்தில் யாரும் சொல்லாதது எல்லாம் வெளியே வரும்.

3. காகித வேலை: கிளம்புவதற்கு 8 வாரம் முன்பு

இதைச் சலிப்பாக நினைத்து நாங்கள் விட்டோம். பிறகு ஒவ்வொன்றுக்கும் அலைந்தோம். கையில் இருக்க வேண்டியவை:

முதலாவது, உங்கள் குழுவின் தீர்மானம். யார் போகிறார்கள், எவ்வளவு செலவாகலாம், திரும்பி வந்து என்ன செய்வார்கள் என்று கூட்டத்தில் பேசி, தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு யாராவது "ஊர் சுற்றப் போனீர்கள்" என்று சொன்னால் இந்தப் பக்கம்தான் பதில்.

இரண்டாவது, அவர்களுக்கு ஒரு பக்கக் கடிதம். நீங்கள் யார், உங்கள் பிரச்சினை என்ன (முதல் படியில் எழுதிய அதே வரி), எத்தனை பேர், எத்தனை நாள், யாரோடெல்லாம் பேச விருப்பம், அவர்களுக்கு ஆகும் செலவை எப்படி ஈடுகட்டுவீர்கள். தேதியை அவர்களே சொல்லட்டும். விழா நாளும் விருந்தினர் வரும் நாளும் வேண்டாம், வழக்கமாக வேலை நடக்கும் நாளில் வருகிறோம் என்று தெளிவாக எழுதுங்கள்.

மூன்றாவது, போகிறவர்கள் பட்டியல்: பெயர், அடையாள அட்டை நகல், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண், மருந்து சாப்பிடுபவராக இருந்தால் அந்த விவரம். எல்லை தாண்டும் பயணம் என்றால் கடவுச்சீட்டு, விசா வேலைக்கு இன்னும் இரண்டு மூன்று மாதம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, படம் எடுக்க ஒப்புதல். எழுத்தில் வாங்கினால் நல்லது, குழந்தைகள் படத்தில் இருந்தால் கட்டாயம் வாங்குங்கள்.

கடிதம் போன இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை தொலைபேசியில் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த இடத்துக்குப் போங்கள், வற்புறுத்த வேண்டாம். தினமும் வேலை செய்பவர்களுக்கு விருந்தாளி என்பது கூடுதல் சுமை.

4. யார் போவது

5 முதல் 7 பேர். அதற்கு மேல் போனால் அது சுற்றுலா ஆகிவிடும். ஒரு வீட்டுத் திண்ணையிலோ சின்ன அறையிலோ உட்கார்ந்து பேச முடியாது, ஒலிபெருக்கி வந்துவிடும்.

கணக்கு எழுதப் போகிறவர் கட்டாயம் வர வேண்டும். தினசரி வேலையைச் செய்யப் போகிறவர்கள் இரண்டு பேர். பெண்கள் பாதியாவது. திட்டத்தை நம்பாத ஒருவர். கடைசியாகச் சொன்னவரைச் சேர்க்க எனக்கு முதலில் மனமில்லை. ஆனால் இரண்டாவது பயணத்தில் மிக நல்ல கேள்விகளைக் கேட்டவர் அவர்தான், இப்போது எங்கள் அறையின் ஒரு சாவியும் அவரிடம்தான் இருக்கிறது.

தலைவர்களும் நன்கொடையாளர்களும் மட்டும் போவது வழக்கமான பொறி. இதைத் தலைகீழாகச் செய்து காட்டியவர்கள் குடிசைப்பகுதி மக்கள். ஜோக்கின் அற்புதம் தலைமையில் இயங்கிய தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பும், நடைபாதையில் வசித்த பெண்கள் தொடங்கிய மகிளா மிலனும் மும்பையில் 1980-களிலிருந்தே ஒரு பகுதி மக்களை இன்னொரு பகுதிக்கு அனுப்பிக் கற்க வைத்தார்கள். சேமிப்புப் பணம் சேர்ப்பவர் சேமிப்பவரிடமே கற்றார். வீடுகளைக் கணக்கெடுப்பவர் கணக்கெடுத்தவரிடமே கற்றார். நடுவில் நிபுணர் இல்லை. 1996-ல் உருவான பன்னாட்டுக் குடிசைவாழ் மக்கள் அமைப்பு இதே முறையைப் பல நாடுகளுக்கு எடுத்துப் போனது.

5. செலவைப் பிரித்து எழுதுங்கள்

எல்லாப் பணத்தையும் வண்டிக்கும் தங்குவதற்கும் செலவழித்துவிட்டு, திரும்பி வந்து ஒரு நோட்டு வாங்கக்கூடக் காசில்லாமல் நின்ற குழுக்களைப் பார்த்திருக்கிறேன். நாங்களும் முதல்முறை அப்படித்தான் நின்றோம். இரண்டாவது முறை கையில் இருந்த மொத்தத்தை 100 பங்கு என்று வைத்து இப்படிப் பிரித்தோம்: பயணம், தங்கல், சாப்பாட்டுக்கு 40, கூலி இழப்பவர்களுக்கு ஈடும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் செலவும் 15, வரவேற்கும் ஊருக்கு 10, நகல், மொழிபெயர்ப்பு, சில்லறைச் செலவுக்கு 5, திரும்பிய பிறகு செய்யும் சோதனைக்கு 30. அந்த 30-ஐத் தனிக் கணக்கில் போட்டுவிட்டுத்தான் கிளம்பினோம்.

கூலி ஈட்டைத் தயவுசெய்து வெட்டாதீர்கள். வெட்டினால் வேலையை விட்டு வரக்கூடிய வசதியுள்ளவர்கள் மட்டும்தான் வருவார்கள், நாளைக்கு அந்தத் திட்டத்தை நடத்தப் போகிறவர்கள் வீட்டிலேயே இருப்பார்கள்.

வரவேற்கும் ஊருக்குத் தரும் தொகையைத் தனி ஒருவர் கையில் கொடுக்காமல், அவர்கள் குழுக் கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள். ஒருவர் கையில் கொடுத்தால் நீங்கள் போன பிறகு அங்கே சண்டை வரும்.

6. அங்கே இருக்கும் நாட்கள்

குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். முதல் நாள் எல்லோரும் நல்லதையே சொல்வார்கள், அது இயல்பு. இரண்டாம் நாள் கூடவே நின்று வேலை செய்தால் பேச்சு மாறும். நாங்கள் அந்தக் கருவி அறையில் சாயங்காலம் முழுக்கப் பொருள் கொடுத்து வாங்கும் மேசையில் உட்கார்ந்தோம். தாமதமாகக் கொண்டுவந்தவரிடம் பொறுப்பாளர் எப்படிப் பேசினார் என்பதை எந்த உரையிலும் கற்றிருக்க முடியாது. திட்டவில்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. நோட்டைத் திருப்பி அவரிடமே காட்டி, "அடுத்துக் காத்திருக்கிறவர் பெயர் இது" என்று மட்டும் சொன்னார்.

ஆளுக்கு ஒரு பொறுப்பு கொடுங்கள். ஒருவர் பணம், ஒருவர் விதி, ஒருவர் சண்டை, ஒருவர் பொருளும் இடமும், ஒருவர் இதில் சேராத வீடுகள். இந்தக் கடைசிப் பொறுப்பை மறக்காதீர்கள். சேராதவர்களிடமும் அனுமதி கேட்டுப் பேசுங்கள். ஏன் சேரவில்லை என்று அவர்கள் சொல்வது உங்கள் ஊரிலும் வரப்போகிற பிரச்சினை.

பொது வளங்களை மக்களே எப்படி நிர்வகிக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2009-ல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், நீண்ட நாள் நிலைத்த ஏற்பாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டவற்றைக் கேள்விகளாக மாற்றி எடுத்துப் போனோம். யார் உறுப்பினர், யார் இல்லை என்பது தெளிவாக இருக்கிறதா? விதியை யார் போட்டார்கள், பயன்படுத்துகிறவர்களால் மாற்ற முடியுமா? கண்காணிப்பது யார்? முதல் தவறுக்கு என்ன, மூன்றாவது தவறுக்கு என்ன? சண்டை வந்தால் எங்கே போகிறார்கள், தீர எத்தனை நாள் ஆகும்? இதோடு எங்கள் கேள்வி ஒன்றும் சேர்ந்தது: கடைசியாக எப்போது மூடிவிடலாம் என்று நினைத்தீர்கள்? இதற்கு வந்த பதில்தான் இரண்டு மணி நேரம் நீண்டது.

பார்க்கக் கேட்க வேண்டிய ஆவணங்கள்: விதித்தாள், வரவு செலவு நோட்டு, கடந்த ஆறு மாதத் தீர்மானங்கள், யாருக்கு எந்த நாள் வேலை என்ற பட்டியல், உறுப்பினர் படிவம், இடத்துக்கான ஒப்பந்தம் அல்லது அனுமதிக் கடிதம். நகல் எடுக்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கு நோட்டைக் கேட்கும் முன்பு உங்கள் நோட்டை நீங்கள் காட்டுங்கள். எங்களிடம் தோல்வியடைந்த அறையின் கணக்கு இருந்தது, அதையே காட்டினோம். அப்புறம் அவர்கள் எதையும் மறைக்கவில்லை.

ஒவ்வொரு இரவும் தூங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதுங்கள். மறுநாள் எழுதலாம் என்று விட்டால் பாதி போய்விடும்.

7. திரும்பிய 10 நாளுக்குள்

பத்து நாளில் ஊர்க்கூட்டம் நடக்க வேண்டும். அதற்கு மேல் தள்ளினால் போனவர்களின் சூடு ஆறிவிடும். படங்களைக் காட்டிக்கொண்டே போகாதீர்கள், பார்ப்பவர்களுக்கு "அவர்களுக்கு முடியும், நமக்கு எங்கே" என்ற எண்ணம்தான் வரும். மூன்று விஷயம் போதும்: அங்கே என்ன நடக்கிறது, அவர்களுக்கு எங்கே இடறியது, நமக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம். பயணக் கணக்கையும் ரசீதுகளையும் அன்றைக்கே மேசையில் வையுங்கள். வரவேற்ற ஊருக்கு நன்றிக் கடிதமும் இந்தப் பத்து நாளுக்குள் போய்விட வேண்டும்.

8. எதை எடுப்பது, எதை விடுவது

ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: அப்படியே எடுப்பது, மாற்றி எடுப்பது, விட்டுவிடுவது. விட்டுவிடுவது என்ற பத்தி காலியாக இருந்தால் நீங்கள் இன்னும் யோசிக்கவில்லை என்று அர்த்தம்.

வெளித்தோற்றத்தை எடுத்து அதிகாரத்தை விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989-ல் தொடங்கிய மக்கள் பங்கேற்பு பட்ஜெட்டை உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான ஊர்கள் பின்பற்றின. அங்கே நகராட்சியின் முதலீட்டுப் பணத்தில் எந்த வேலை முதலில் என்பதை மக்கள் கூடி முடிவு செய்தார்கள். எடுத்துப்போன பல ஊர்களில் கூட்டம் மட்டும் நடந்தது, முடிவு அலுவலகத்திலேயே இருந்தது. இரண்டு முறை வந்து பேசிப் பார்த்த மக்கள் மூன்றாவது முறை ஏன் வர வேண்டும்? போர்ட்டோ அலெக்ரேயிலும் 2004 தேர்தலில் ஆட்சி மாறிய பிறகு அந்த ஏற்பாடு வலுவிழந்தது. அதனால் உங்கள் திட்டம் ஒரு அதிகாரியின், ஒரு கட்சியின், ஒரு கொடையாளரின் ஆதரவில் நிற்கிறதா என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள்.

பெயரிலும் கவனம் வேண்டும். எல்லோரும் பயன்படுத்துகிற பெயர் என்று நினைப்பது சில சமயம் பதிவு செய்யப்பட்ட வணிகக்குறியாக இருக்கும். வீட்டு வாசலில் வைக்கும் சின்னப் புத்தகப் பெட்டிக்கான லிட்டில் ஃப்ரீ லைப்ரரி என்ற பெயர் அப்படிப்பட்டது. யோசனையை எடுக்கத் தடை இல்லை, பெயரையும் சின்னத்தையும் எடுக்க அனுமதி வேண்டும். உடைந்த பொருள்களை அக்கம்பக்கத்தார் கூடிச் சரிசெய்யும் ரிப்பேர் கஃபே போன்றவை தொடங்குகிறவர்களுக்கென்றே கையேடு வைத்திருக்கின்றன. ஆம்ஸ்டர்டாமில் 2009-ல் மார்ட்டின் போஸ்ட்மா என்ற பெண் நடத்திய முதல் கூடலிலிருந்து, பழுது நீக்கும் அந்தக் கூடல்கள் உலகெங்கும் 2,000-ஐத் தாண்டிப் பரவியதற்கு அந்தக் கையேடும் ஒரு காரணம். உங்களுக்குப் பொருந்தும் கையேடு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

9. மூன்று மாதச் சோதனை

ஆறு வாரத்துக்குள் மிகச் சின்ன அளவில் தொடங்குங்கள். இரண்டாவது முறை எங்களிடம் 11 கருவி, 20 வீடு, வாரத்துக்கு இரண்டு மாலை மட்டும். திறப்பு விழா வைக்கவில்லை. விழா வைத்தால் நிறுத்துவதற்கு வெட்கப்பட்டே ஓடாத ஒன்றை இழுத்துக்கொண்டிருப்போம்.

தொடங்கும் முன்பு வேண்டியவை: இடத்தின் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி (எத்தனை மாதம், யார் பராமரிப்பு, எப்போது திருப்பித் தருவது), ஒரு பக்கத்துக்கு மிகாத விதித்தாள், இரண்டு பேர் கையெழுத்தில் மட்டும் பணம் எடுக்கும் கணக்கு, உறுப்பினர் படிவம். உடலுக்கு ஆபத்து வரக்கூடிய வேலை என்றால் காப்பீடு. பதிவு செய்ய வேண்டுமா, உரிமம் வேண்டுமா என்பது இடத்துக்கு இடம் மாறும். உள்ளாட்சி அலுவலகத்தில் நேரில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையாக "பரவாயில்லை, செய்யுங்கள்" என்று சொன்னவர் மாற்றலாகிப் போன பிறகு நாங்கள் பட்டபாடு போதும்.

முதல் தேதியிலேயே மூன்றாம் மாத முடிவுக் கூட்டத்துக்கும் நாள் குறியுங்கள். தொடர்வதா, மாற்றுவதா, நிறுத்துவதா என்று அன்று கை தூக்கி முடிவு செய்யுங்கள். நிறுத்த முடிவானால் மிச்சப் பணம் எங்கே போகும் என்பதும் விதித்தாளில் முன்பே இருக்கட்டும்.

10. கற்றுக்கொடுத்தவர்களுக்கு

மூன்று மாதம் முடிந்ததும் உங்கள் கணக்கையும் மாற்றிய விதிகளையும் அவர்களுக்கு அனுப்புங்கள். எது ஓடவில்லை என்பதையும் எழுதுங்கள். அவர்களில் இரண்டு பேரை உங்கள் செலவில் அழைத்து ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கான தொகையை ஐந்தாம் படியில் ஒதுக்கிய 30-லிருந்தே எடுக்கலாம். எங்களிடம் வந்தவர்கள், பொருளோடு அதன் படத்தையும் ஒட்டி வைக்கும் எங்கள் முறையைப் பார்த்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்காக நாங்கள் செய்தது அது. போகும்போது அந்தப் பட அட்டைகளில் ஒரு செட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். இப்போது அவர்கள் சுவரிலும் அவை தொங்குகின்றன.